தோல் லாரியின் பேட்டரி

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல. அதை நானே முதல்ல சொல்லிடறேன், இல்லாட்டி என் பொண்டாட்டி வந்து சொல்லுவா. லாரி ஓட்டின காலத்துல நான் மல்லுக்கு நிக்காத ஆள் கிடையாது. ஹார்பர் கேட்டுல நிக்கிறவன், ரயில்வே கேட்டை மூடிட்டு நிதானமா பீடி பத்த வைக்கிறவன், ரோட்டை அடைச்சுக்கிட்டுப் போற மாட்டு வண்டிக்காரன், எல்லாரையும் ஒரு கை பார்த்திருக்கேன். மனுஷனோட சண்டை போடலாம். பேட்டரியோட எப்படிய்யா சண்டை போடுறது?

வெள்ளைக்காரன் போயி கொஞ்ச வருஷம் ஆன சமயம். ராயபுரத்துல ஒரு தோல் கொடோன்ல நான் டிரைவர். முதலாளி வண்ணாரப்பேட்டையில பொறந்து வளர்ந்த தமிழ் முஸ்லிம். பாய்னுதான் எல்லாரும் கூப்பிடுவோம். பதம் பண்ணின தோலைக் கட்டு கட்டி கப்பல்ல அனுப்புறது அவர் வியாபாரம். கீழ கொடோன், மேல அவர் வீடு. மாடி ஜன்னல்ல மூங்கில் தட்டி தொங்கும். தட்டிக்குப் பின்னால பாயோட சம்சாரம் இருப்பாங்க. அவங்க முகத்தை நான் பார்த்ததே இல்லை. மழை நாள்ல வண்டியைக் கொண்டாந்து நிறுத்தினா மேலேருந்து சூடா டீ இறங்கி வரும், அவ்வளவுதான் எனக்கு அவங்களைத் தெரியும்.

லாரி, உலகச் சண்டை முடிஞ்சப்புறம் மிலிட்டரிக்காரன் கழிச்சுப் போட்டது. பாய் ஏலத்துல எடுத்தார். முரட்டு வண்டி, ஆனா எனக்கு அடங்கும். பேட்டரி, டிரைவர் சீட்டுக்கு அடியில ஒரு இரும்புப் பெட்டியில உட்கார்ந்திருக்கும். பெட்டிக்கு மூடி ஒரு மரப்பலகை. பலகைக்கு மேல சீட்டு, சீட்டுக்கு மேல நான்.

ராத்திரி காவலுக்கு ஒரு பெரியவர். ராயபுரம் கடலோரக் குப்பத்துக்காரர். கட்டுமரத்துல போனவர், ஒரு அலை முட்டியை உடைச்சுப் போட்டப்புறம் கரையேறி எங்க கேட்டுக்கு வந்தார். நைனான்னு கூப்பிடுவோம். சாயங்காலம் வந்தா விடியற வரைக்கும் கேட்டை விட்டு நகர மாட்டார். அந்த வருஷம் அவர் பொண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்து வச்சிருந்தாங்க. அதே குப்பம், நல்ல இடம். ஐப்பசி கழிஞ்சதும் பரிசம் போடுறதா பேச்சு. மனுஷன் வாயில அதைத் தவிர வேற பேச்சே கிடையாது.

மழை ஆரம்பிச்ச நாள்ல ஒரு காலையில போயி ஸ்டார்ட் பண்றேன், வண்டி முனகக்கூட இல்லை. பேட்டரி செத்துக் கிடக்கு. ஹேண்டில் போட்டுச் சுத்தினேன். தோள்பட்டை கழண்டு போறதுதான் மிச்சம், பேட்டரியில துளி உசுர் இல்லேன்னா பொறி எங்கேருந்து வரும்? சரி, ஏதோ ஒரு நாள்னு விட்டுட்டு, பேட்டரியைக் கழட்டி சார்ஜ் போடுற கடைக்குத் தூக்கிட்டுப் போனேன். போட்டு வந்து மாட்டினா ரெண்டொரு நாள் ஒழுங்கா இருந்துச்சு. அப்புறம் மறுபடியும் அதே கதை.

அது என்ன பொழப்புன்னு தோல் வியாபாரத்துல இருக்கிறவனுக்குத்தான் புரியும். கட்டு ஹார்பருக்கு நேரத்துக்குப் போகலைன்னா கப்பல்காரன் காத்துக்கிட்டு நிக்க மாட்டான். மழைக்காலத்துல தோல் தங்கினா பூஞ்சை பிடிக்கும். ஒரு தடவை அப்படித்தான் கப்பல் போயிடுச்சு. பாய் அன்னிக்கு முழுக்க யாரோடயும் பேசலை. மூட்டை தூக்குறவங்கதான் பேசினாங்க. பேட்டரி தானா சாகுமா, யாராவது எடுத்துக்கினு போறானான்னு.

இந்தப் பேச்சு சும்மா வரலை. அப்போ கல்யாணம், கூட்டம்னா மைக் செட்டு வைப்பாங்க, அது ஓடுறதே பேட்டரியில. நிறைய குப்பத்துல கரண்டு கிடையாது. ராத்திரிக்கு மட்டும் பேட்டரி வாடகைக்கு விடுறவங்க ஊர்ல இருந்தாங்க. கொடோன்ல ராத்திரி தனியா இருக்கிறவர் யாரு? நைனா. குப்பத்துக்காரர் யாரு? நைனா. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா?

அந்த மனுஷனை எனக்குத் தெரியும். கரைக்கு வந்த மீன்லகூட அடுத்தவன் பங்குல கை வைக்காத ஆளு. எப்படியாவது வண்டியில இருக்கிற கோளாறைக் கண்டுபிடிச்சுக் காட்டிடணும்னு நான் இறங்கினேன். டைனமோவைக் கழட்டிப் பார்த்தேன், நல்லா சார்ஜ் கொடுக்குது. வண்டி ஓடுற வரைக்கும் ஒரு குறையும் இல்லை, நின்னாத்தான் சாகுது. அப்போ எங்கயோ கரண்டு ஒழுகணும். அதைப் பார்க்க ஒரு வழி உண்டு. எல்லாத்தையும் அணைச்சுட்டு, பேட்டரியோட ஒரு வயரைக் கழட்டி, முனையில லேசா உரசணும். சின்னப் பொறி வந்தாலும் ஏதோ ஒண்ணு திருட்டுத்தனமா குடிக்குதுன்னு அர்த்தம். உரசினேன். பொறி இல்லை. ஹார்ன் வயரைப் பிரிச்சேன், லைட்டு வயரைப் பிரிச்சேன், எலி கடிச்சிருக்கான்னு அடிவரைக்கும் படுத்துப் பார்த்தேன். ஒண்ணும் கிடையாது. பேட்டரி முனையில மட்டும் பச்சையும் வெள்ளையுமா பூத்திருந்துச்சு. கடல் காத்து அடிக்கிற ஊர்ல எந்தப் பேட்டரிதான் பூக்கலை? துடைச்சு விட்டேன்.

சார்ஜ் கடைக்காரன்கிட்டயே பேட்டரியைச் சில நாள் விட்டு வச்சேன். அவன் சிரிச்சான். “இன்னா மாமு, பேட்டரி குதிர மாதிரி கீது. உன் வண்டியிலதான் சனி குந்திகினு கீது.”

அதாவது பேட்டரியும் நல்லா இருக்கு, வயரும் நல்லா இருக்கு, ரெண்டையும் சேர்த்தா சாகுது. மண்டை காய்ஞ்சு போச்சு. அப்போதான் எனக்கு அந்த யோசனை வந்துச்சு. பாயைக் கூப்பிட்டு, அவர் கண்ணு முன்னாடியே சாயங்காலம் சார்ஜ் ஏத்தின பேட்டரியோட ரெண்டு வயரையும் கழட்டி ஓரமா மடக்கி வச்சேன். “பாய், இப்போ பேட்டரிக்கும் வண்டிக்கும் சம்பந்தமே இல்ல. காலையில பேட்டரி நல்லா இருந்தா தப்பு வயர்ல கீது. நா தேடிப் பிடிச்சிடறேன். நைனாவ யாரும் ஒண்ணும் சொல்லக் கூடாது” ன்னேன். பலகையை மூடி, சீட்டைப் போட்டு, கையைத் துடைச்சுக்கிட்டு வீட்டுக்குப் போனேன். அன்னிக்கு நான் நிம்மதியாத் தூங்கினேன், கேட்டுக்கோங்க.

காலையில பாய்தான் முதல்ல நின்னுக்கிட்டிருந்தார். சீட்டைத் தூக்கினோம். வயர் ரெண்டும் நான் மடக்கி வச்ச மாதிரியே இருக்கு. வயரை மாட்டி சாவியைத் திருப்பினேன். பேட்டரி செத்துக் கிடக்கு.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பின கதை. வயரே இல்லாம பேட்டரி எப்படிச் சாகும்? யாரோ எடுத்துட்டுப் போயி, ராத்திரி பூரா ஓட்டி, கொண்டாந்து வச்சாத்தான் சாகும். நானே கழட்டி, நானே மூடி, நானே நிரூபிச்சுக் கொடுத்த மாதிரி ஆயிடுச்சு. பாய் என்னைப் பார்க்கவே இல்லை. கேட்டுக்குப் போனார். விடிஞ்ச நேரம், மீன் கூடையோட குப்பத்துப் பொம்பளைங்க போயிட்டிருக்காங்க. நைனாவுக்குச் சம்பந்தி ஆகப்போறவரும் வலைக்கயிறு வாங்க அந்தப் பக்கம் வந்தவர், நின்னுட்டார். அத்தனை பேர் முன்னாடியும் பாய் கேட்டார்.

“எந்தக் கல்யாணத்துக்கு எடுத்துக்கினு போன? இத்தினி நாளா என் கேட்டுல திருடனக் காவல் வச்சிகினு இருந்தனா?”

நைனா துண்டை எடுத்துத் தோள்ல போட்டார், உடைஞ்ச காலை இழுத்துக்கிட்டு ரோட்டுல இறங்கினார். சம்பந்தி வீட்டுக்காரர் அவர் கூடப் போகலை. வேற பக்கமா திரும்பிப் போயிட்டார். அதைப் பார்த்ததும் எனக்குத் தெரிஞ்சுபோச்சு, பரிசம் நடக்காதுன்னு. திருடன் வீட்டுல அந்தக் குப்பத்துல யாரும் பொண்ணு எடுக்க மாட்டாங்க.

அன்னிக்குப் பேட்டரியைக் கடைக்குக் கொண்டுபோய் அவசரமா சார்ஜ் ஏத்தி, சாயங்காலம் கொண்டாந்து மாட்டினேன். பாய் தானே கேட்டைப் பூட்டி, வாசல்லயே கோரைப்பாயை விரிச்சுப் படுத்தார். விடிஞ்சது. சீட்டுல ஏறி சாவியைத் திருப்பினேன். முனகலைக் காணோம்.

மடத்தனமா எனக்குச் சந்தோஷம் வந்துச்சு. “பாத்தீங்களா பாய், நைனா இல்ல. அப்பவும் செத்துச்சு” ன்னேன். பாய் முகத்துல ஒரு அசைவும் இல்லை. “சாயங்காலம் பேட்டரி மாட்டினது யாரு? சார்ஜ் ஏறின பேட்டரியத்தான் மாட்டினன்னு எனுக்கு இன்னா தெரியும்? அவனத் தாங்கிப் பேசினது யாரு?” ன்னார். “கூட்டா பண்ணீங்களா?” ன்னு கேட்டார். நான் பதில் சொல்றதுக்குள்ள தலையில தொப்பியை வச்சுக்கிட்டு மாட்டு வண்டி பிடிக்கப் போயிட்டார். தோல் கட்டு அன்னிக்கு ஹார்பர் போயே ஆகணும்.

என்னையா கேட்டே, என்னையான்னு சீட்டைத் தூக்கி வெளியே எறிஞ்சேன். பலகையை உருவி அடிச்சேன் பாருங்க கீழே, கொடோனே அதிர்ந்துச்சு. இத்தனை நாளும் அந்தப் பலகையைத் தூக்குறதும் எடுத்த வாக்குல ஓரமா வைக்கிறதும்தான். அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்க்கணும்னு எவனுக்குத் தோணும்? அன்னிக்கு எறிஞ்ச வேகத்துல அது குப்புற விழுந்து மல்லாந்துச்சு. அடிப்பக்கத்துல ஒரு பச்சைத் துணி முடிச்சு, சப்பையா, சின்ன ஆணி அடிச்சு மாட்டியிருக்கு. தொட்டேன். சொதசொதன்னு ஈரம்.

பிரிச்சேன். கல் உப்பு, பாதி கரைஞ்சு கூழாயிருக்கு. படிகாரம். காஞ்ச மிளகாய். உப்புக்குள்ள புதைஞ்சு ஒரு செப்புத் தகடு, எட்டு மூலை வச்சு வெட்டினது, மேல அரபி எழுத்து. அதைத் திரும்ப அப்படியே துணியில மடிச்சு, பேட்டரியோட ரெண்டு முனை மேலயும் படுற மாதிரி வச்சேன். சுர்ருனு நுரைச்சுச்சு. கொஞ்ச நேரத்துல துணி சுட ஆரம்பிச்சுச்சு.

அப்படியே தரையில உட்கார்ந்துட்டேன். வயர்ல ஒழுகலை, பேட்டரி தலை மேலயே ஒழுகியிருக்கு. பலகையை மூடினா முடிச்சு ரெண்டு முனையிலும் உட்காரும், கடல் காத்தும் மழை ஈரமும் உப்பை ஊற வைக்கும், தகடு நடுவுல பாலம் போடும், கரண்டு ஒரு முனையிலேருந்து இன்னொரு முனைக்கு நடந்து போயிட்டே இருக்கும். பார்க்கலாம்னு பலகையைத் தூக்கினா கோளாறும் பலகையோடயே போயிடும். நான் தேடத் தேட அது என் கையிலயேதான் இருந்திருக்கு.

கண்ணு படாம இருக்க உப்பையும் மிளகாயையும் கட்டுறது குப்பத்து வழக்கம், கட்டினது யாருன்னு எனக்குச் சொல்லணுமா? துணியை மடியில சொருகிக்கிட்டு குப்பத்துக்கு ஓடினேன். நைனா குடிசை வாசல்ல உட்கார்ந்திருந்தார். உள்ள அவர் பொண்ணு அழுகுற சத்தம். முடிச்சை அவர் முன்னாடி போட்டேன். அதைப் பார்த்ததும் அவர் பதறின பதறல், திருடன்னு சொன்னப்போகூட இல்லை.

“இத்த ஏன் தம்பி எடுத்துகினு வந்த? பாய் பாத்தாரா?”

மெதுவா சொன்னார். மழைக்கு முன்னாடி, திருவொத்தியூர் ரோட்டுல பாய் வண்டியில இருக்கும்போது லாரி வழுக்கி வாய்க்கால் ஓரம் போய் நின்னுச்சு, எனக்கே ஞாபகம் இருக்கு. அதைக் கேட்டதுலேருந்து பாயோட சம்சாரத்துக்குத் தூக்கம் இல்லை. ஏதோ தர்காவுலேருந்து தகடு வரவழைச்சு, வண்டியில கட்டச் சொல்லிப் பாய்கிட்ட கெஞ்சியிருக்காங்க. பாய்க்கு அதெல்லாம் ஆகாது. காப்பாத்துறவன் ஒருத்தன்தான், தகட்டை நம்புறவங்களோட நான் ஒரு வூட்டுல இருக்க மாட்டேன்னு பெரிய சண்டை. அப்புறம் ஒரு சாயங்காலம் தட்டிக்குப் பின்னால நின்னுக்கிட்டு, ஒரு கயித்துல முடிச்சைக் கட்டி நைனாகிட்ட இறக்கியிருக்காங்க. யாருக்கும் தெரியாம வண்டியில வையுங்க, அவர் உசுருக்கு ஒண்ணும் ஆகக்கூடாதுன்னு.

“வண்டிக்கு உசுரு பேட்டரியிலதான கீதுன்னு நீதான தம்பி சொல்லுவ, அதான் அங்க வச்சேன்” ன்னார். “தகடு ஒண்டியா இருக்க வாணாம், நம்ம பக்கத்துக்கும் ஒண்ணு இருக்கட்டும்னு உப்பு, படிகாரம், மொளகா நா சேத்தேன்.”

தகடு மட்டும் இருந்திருந்தா துணிக்குள்ள காஞ்சு கிடந்திருக்கும். உப்பு மட்டும் இருந்திருந்தா சும்மா கசிஞ்சிருக்கும். ரெண்டு பேர் வேண்டுதலும் ஒரே முடிச்சுல சேர்ந்து வண்டியைக் கொன்னுடுச்சு. அதை நான் சொன்னதும் நைனா தலையில கையை வச்சுக்கிட்டார். நான் எழுந்தேன். “வா, இத்த பாய்கிட்ட காட்டுவோம். உன் பேர் சுத்தமாயிடும்” ன்னேன்.

அவர் என் கையைப் பிடிச்சுக்கிட்டார். “வாணாம் தம்பி. தகடப் பாத்தா அந்த அம்மாவ வூட்ட வுட்டு அனுப்பிடுவாரு. என்ன நம்பிக் குட்த்தாங்க.”

“உன் பொண்ணுக்கு இன்னா சொல்லப் போற?” ன்னு கத்தினேன். உள்ள அழுகை நின்னுபோச்சு. அவர் என் கையை விடலை. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவரையே ரெண்டு அறை விடலாம் போல இருந்துச்சு, கண்ணுல தண்ணியும் வந்துச்சு.

கொடோனுக்குத் திரும்பி நடக்கும்போது ஒரு வழி தோணுச்சு. தகட்டைச் சட்டைக்குள்ள போட்டுக்கிட்டேன். பச்சைத் துணியையும் மறைச்சேன். உப்பு, படிகாரம், மிளகாயை என் துண்டுல ஒரு கிழிசல்ல முடிஞ்சேன். வண்டிக்குக் கண்ணு படக்கூடாதுன்னு நைனா கட்டினார், உப்பு ஈரம் பேட்டரியைத் தின்னுடுச்சு, அவ்வளவுதான்னு பாய்கிட்ட சொல்லிடலாம். பொய் இல்லை, பாதி நிஜம்.

தோல் கட்டெல்லாம் மாட்டு வண்டியில ஹார்பருக்குப் புறப்பட்டுப் போயிருந்துச்சு. பாய் லாரிக்குப் பக்கத்துல தனியா நின்னார். நான் சொல்ல வேண்டியதைச் சொல்லி, முடிச்சைக் காட்டினேன். பேட்டரி மேல ஈரத்தை வச்சு நுரைக்கிறதையும் காட்டினேன். கேட்டுக்கிட்டே இருந்தார். அப்புறம் குனிஞ்சு பலகையைத் தூக்கினார். நான் அதை மறந்தே போயிருந்தேன். பலகையில, ஆணி அடிச்சிருந்த இடத்துல, செப்புக் களிம்பு ஊறி ஒரு கறை. பச்சைப் பசேல்னு, எட்டு மூலையோட.

உப்புக்கு மூலை ஏது? மேல தட்டிக்குப் பின்னால வளையல் சத்தம் கேட்டு, உடனே நின்னுபோச்சு. பாயும் கேட்டிருப்பார். நிமிர்ந்து பார்க்கலை. கறை மேல கட்டை விரலை வச்சுத் தேய்ச்சார், போகலை. அப்புறம் என்னைப் பார்க்காமலே கையை நீட்டினார். தகட்டை எடுத்து அந்தக் கையில வச்சேன். அதை ஜிப்பாவோட உள் பையில போட்டுக்கிட்டார். தொட்டியிலேருந்து தண்ணி மொண்டு, ஒரு செங்கல் துண்டை எடுத்து, உட்கார்ந்து அந்தப் பலகையைத் தேய்ச்சார். மரம் வெளுக்கிற வரைக்கும் அவரே தேய்ச்சார். நான் கை கொடுக்கப் போனா தள்ளி விட்டார்.

“நைனா வூடு எங்க கீது?” ன்னு கேட்டார், எழுந்து கையை உதறிக்கிட்டு.

குப்பத்துக்கு ரெண்டு பேரும் நடந்து போனோம். பாய் அங்க வந்தது கிடையாது, ஜனம் வேடிக்கை பார்க்கக் கூடிடுச்சு. சம்பந்தி வீட்டுக்காரர் வலை கிட்ட நிக்கிறார். பாய் முதல்ல அவர்கிட்டதான் போனார். “நேத்து நா சொன்னத நீ கேட்ட. அது என் வாயில வந்த தப்பு. இவுரு திருடல. அத்தயும் கேட்டுக்கோ” ன்னார், எல்லாருக்கும் கேட்குற மாதிரி. நைனா பக்கம் திரும்பினார். நைனா முகத்துல சந்தோஷம் இல்லை, பயம்தான் இருந்துச்சு. என்னைப் பார்த்தார், பாயைப் பார்த்தார், நான் காட்டிக் கொடுத்துட்டேன்னு நினைச்சுட்டார்.

கை ரெண்டையும் கூப்பி, “பாய், அந்த அம்மாவ மட்டும் ஒண்ணும் சொல்லிடாதீங்க” ன்னார்.

பாய் அவர் கூப்பின கையைப் பிடிச்சு இறக்கினார்.

“எந்த அம்மா?” ன்னார். “உப்பு கட்டினது நீ. எனுக்குத் தெரிஞ்சது அவ்ளோதான்.”